பழைய இரும்பு, கவனமாகக் கையாளவும்

‘பழைய இரும்பு’ என்று தட்டச்சு செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு சொற்களைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு வேலையும், கைக்கு எட்டியிருந்த விடுப்பும், என் மகளின் முதல் இரண்டு பிறந்தநாட்களும் செலவாயின. சரக்கு அனுப்பும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டி என்னைவிட வேகமாகப் பொய் சொல்லிவிட முடியும். அதனால் இதைப் படித்துவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் மஸ்கட்டில் இருந்தேன். பக்கத்தில் மத்ராவில் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. கரையோரத்தில் கடலடியைத் தோண்டி ஆழமாக்கும் ஒப்பந்தம் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியிடம் இருந்தது. நான் அதன் ஷிப்பிங் கிளார்க். வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்களைச் சுங்கத்திலிருந்து விடுவிப்பது, பழுதான பாகங்களைத் திருப்பி அனுப்புவது, இரண்டுக்கும் வேண்டிய காகிதங்களைத் தயாரிப்பது என் பொறுப்பு. ரூவி என்கிற பகுதியில் ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். அறையில் ஒரு மின்விசிறி இருந்தது. அது சூடான காற்றை ஆறு பேருக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டுக் கொடுத்தது.

கம்பெனியின் மேலாளர் ஹார்ட்லி என்பவர். கையெழுத்துப் போடும் காகிதத்தை அவர் படித்து நான் பார்த்ததில்லை. “உன்னை நம்புகிறேன்” என்பார். படிக்கச் சோம்பலாக இருப்பதைப் பெரிய மனிதர்கள் இப்படித்தான் சொல்வார்கள்போலும் என்று எடுத்துக்கொண்டேன். வேலையில் சேர்ந்த அன்று அவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். லாசர் மச்சாது, பிறந்த ஊர் மணப்பாடு. நிமிர்ந்து என் முகத்தையும் பார்த்தார். பார்த்த பிறகும் கேட்டார்.

“நீ போர்ச்சுக்கீசியனா?”

“இல்லை சார். எங்கள் ஊர்க் கடலில் முத்து இருந்தது. அதைத் தேடி அவர்கள் வந்தார்கள். முத்தை எடுத்துக்கொண்டு பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.”

“சுவாரசியம்” என்றார் ஹார்ட்லி. அவர் ஒரு விஷயத்தை மேற்கொண்டு கேட்க விரும்பவில்லை என்றால் அதைச் சுவாரசியம் என்பார்.

என் அறையில் ஞானமுத்து என்று ஒரு கிரேன் ஆபரேட்டர் இருந்தான். குளச்சல்காரன். கம்பெனியின் மிதவையில் நின்று கடலடியிலிருந்து மண்ணையும் பாறையையும் அள்ளிப் போடுகிற கிரேனை இயக்குவான். ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் குளிக்கக்கூடப் போகாமல் என் கட்டிலில் உட்கார்ந்தான்.

“மக்கா, இன்னைக்கி ஒரு குழாய அள்ளிப்போட்டேன் பாத்துக்க. சாக்கடைக் குழான்னு நெனச்சேன். ஒரு ஆள் நீளம். வாயெல்லாம் சிப்பி அடைச்சுக் கெடக்கு. முதுகுல ரெண்டு மீனு வளைஞ்ச மாதிரி கைப்பிடி. கழுவிப் பாத்தா பீரங்கி.”

“ஹார்ட்லி பாத்தாரா?”

“பாத்தாரே! பாத்த ஒடனே தொப்பியக் கழட்டிட்டாரு. போன மாசம் நம்ம பெங்காலிப் பையன் கால்ல கம்பி விழுந்தப்பகூட அந்தத் தொப்பி கழரல.”

மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். வெண்கலப் பீரங்கி. பச்சை படர்ந்திருந்தது. நடு முதுகில் போர்ச்சுக்கீசிய ராஜாவின் கேடயமும் உலக உருண்டையும் செதுக்கியிருந்தார்கள். உலகமே தங்களுடையது என்பதைப் பீரங்கியிலேயே எழுதிவைத்த நேர்மையை மெச்ச வேண்டும். நாம் காகிதத்தில்கூட அவ்வளவு வெளிப்படையாக எழுதுவதில்லை. ஹார்ட்லி அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றுகொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்து முடித்ததும் எங்களுக்கு ஒரு சொற்பொழிவு கிடைத்தது.

“யோசித்துப் பாருங்கள்! வரைபடம் இல்லை. யாரும் அறியாத கடல். அதில் துணிந்து வந்து இந்தக் கரையைக் கண்டுபிடித்தார்கள்.”

யாரும் அறியாத அந்தக் கரையில் அப்போது பேரீச்சந் தோட்டங்களும், பள்ளிவாசல்களும், வரி வாங்குகிற ஆட்களும் இருந்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை. போர்ச்சுக்கீசியர்கள் ஆப்பிரிக்கக் கரையிலேயே வழி தெரிந்த ஒரு மாலுமியை ஏற்றிக்கொண்டுதான் இந்தியாவுக்கு வந்தார்கள் என்பதையும் சொல்லவில்லை. எனக்கு விடுப்பு வேண்டியிருந்தது.

ஊரில் என் மனைவி ஒரு பெண் குழந்தை பெற்றிருந்தாள். குழந்தைக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது. நான் பார்த்ததெல்லாம் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு போட்டோதான். பயந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு இருப்பாள். ஒன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டேன் என்பதால் எனக்கு விடுப்பு வரவேண்டியிருந்தது. அந்த விண்ணப்பம் ஹார்ட்லியின் மேஜையில் கிடந்தது. அவர் படிக்காமல் கையெழுத்துப் போடாத ஒரே காகிதம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

“லாசர், வியாழக்கிழமை கப்பலில் பழுதான பாகங்கள் இங்கிலாந்துக்குப் போகின்றன அல்லவா? அதோடு ஒரு பெட்டி கூடுதலாகப் போகும். பழைய இரும்பு என்று போட்டுவிடு.”

“எந்தப் பெட்டி சார்?”

“தச்சர்கள் செய்துகொண்டிருக்கிறார்களே, அது.”

எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது என்பது அவருக்கும் புரிந்தது. என் விண்ணப்பத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

“கப்பல் கிளம்பட்டும். மறுநாளே இதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நீ இதைப் புரிந்துகொள்வாய். உன் உடம்பில் பாதி போர்ச்சுக்கீசிய ரத்தம் ஓடுகிறது.”

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று முழங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் எழுந்து நின்றேன், ஆனால் தட்டச்சு இயந்திரத்துக்குப் போவதற்காக. ‘பழைய இரும்பு, ஒரு பெட்டி.’ கீழே ‘தயாரித்தவர்: எல். மச்சாது’ என்றும் அடித்தேன். ஹார்ட்லி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை ஞானமுத்து கேட்டான்.

“நீயா மக்கா எழுதின?”

“சொன்னாரு, எழுதினேன்.”

“சரிதான். நான் அள்ளுனேன், நீ எழுதுன, அவரு கொண்டுபோறாரு. எல்லாருக்கும் வேலை இருக்கு.” அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால்கூட நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை காலை காகிதங்களோடு சுங்கத்துக்குப் போனேன். அங்கே அதிகாரி சாலிம். ஓமான்காரர்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது சான்சிபாரில். அங்கே நடந்த கலவரத்தில் வீட்டை விட்டு ஓடிவந்த குடும்பம். அரபியைவிட இங்கிலீஷ் சரளமாகப் பேசுவார். அதற்காக உள்ளூர்க்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள். முதல் ஒரு வருடம் என் பெட்டிகளில் பத்துக்கு ஒன்றைத் திறந்து பார்ப்பார். கடைசி ஆறு மாதமாக ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான். அது எவ்வளவு பெரியது என்று அன்று காலைவரை எனக்குத் தெரியாது.

சாலிம் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். ஜன்னல் வழியாக வெளியே பெட்டிகளைப் பார்த்தார். முத்திரை அப்படியே நின்றது.

“லாசர், இங்கே வா. அந்தக் கடைசிப் பெட்டி என்ன மரம்?”

பார்த்தேன். தேக்கு. மற்ற பெட்டிகளெல்லாம் பழைய பலகையில் ஆணி அடித்தவை. இதற்கு மட்டும் பித்தளைத் திருகாணி. இடுக்கில் புதுக் கம்பளியின் ஓரம் தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு முழ உயரச் சிவப்பு எழுத்தில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று எழுதியிருந்தது.

“இந்தத் துறைமுகத்தில் இரண்டு வருடமாக இருக்கிறேன்” என்றார் சாலிம். “பழைய இரும்புக்குக் கம்பளி போர்த்தி அனுப்புவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். குளிரும் என்றா?”

அவர் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“எனக்குக் கண் சரியில்லை. அந்தக் கடைசி வரியை நீயே படித்துக் காட்டு.”

அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நான் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். வெளியே கப்பல் ஏஜென்டின் ஆள் “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் நாலைந்து கிளார்க்குகள் வரிசையில் நின்றார்கள். எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. படித்துவிடலாம், அவர் பெட்டியைத் திறந்தால் நான் ஜெயிலுக்குப் போவேன். மேலாளர் சொன்னார் என்று சொல்லலாம்; அவர் ‘நம்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்’ என்றால் என் பேச்சை யார் கேட்பார்கள்? கீழே தயாரித்தவர் பெயரில் நான்தான் இருக்கிறேன். மூன்றாவது வழியைப் பற்றி யோசிக்கும்போது அந்த வாய் பிளந்த குழந்தை முகம்தான் வந்தது. இருபது வினாடி இருக்கும். இருபது வினாடியில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு வியர்க்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

“படிக்க முடியாது சார்” என்றேன். “இது பொய். அடித்தது நான். தெரிந்தேதான் அடித்தேன். யார் சொல்லி அடித்தேன் என்று நீங்கள் கேட்டால் சொல்கிறேன்.”

“கேட்க வேண்டியதில்லை. உன் வீட்டில் இதை வைக்கிற அளவுக்குத் தோட்டம் இருக்கிறதா?”

“வீடே இல்லை சார். ரூவியில் ஒரு கட்டில் இருக்கிறது.”

அவர் சிரிக்கவில்லை. முத்திரையை மேஜைமேல் வைத்தார்.

“எங்கள் பெரியவர்களும் கப்பல் ஏறி ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள்தான். வியாபாரத்துக்குத்தான் வந்தோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். கிராம்பு, தந்தம், அப்புறம் மனிதர்கள். என்னென்ன எழுதி அனுப்பியிருப்பார்களோ! அந்தக் காகிதங்களையும் உன்னைப்போல ஒருவன்தான் எழுதியிருப்பான்.” என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். “ஒரு மணிக்கு அலுவலகம் மூடிவிடுவேன். உண்மையான காகிதம் கொண்டு வா. பெட்டி யாருடையதோ அவர் கையெழுத்தோடு. அதுவரை அது இங்கேயே இருக்கும்.”

திரும்பி அலுவலகத்துக்கு வந்தேன். யாரையும் பார்க்காமல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அடித்தேன். ‘வெண்கலப் பீரங்கி ஒன்று. மத்ரா கடலடியில் கிடைத்தது. பழமையானது. பெறுபவர்: திரு. ஹார்ட்லி, அவரது சொந்த இல்லம், இங்கிலாந்து.’ அதுவரை நான் அடித்த காகிதங்களிலேயே பிழையில்லாதது அதுதான். ஹார்ட்லியின் முன்னால் வைத்தேன். அவர் வழக்கம்போலப் பேனாவைத் திறந்தார். எதனாலோ அன்றைக்குப் படித்தார்.

“என்ன இது?”

“சுங்கத்தில் இப்படித்தான் வேண்டும் என்கிறார்கள் சார். பெட்டியைத் திறக்கவில்லை. ஆனால் தெரிந்துவிட்டது.”

“உன்னிடம் ஒரே ஒரு சின்ன வேலை சொன்னேன்.”

“சரியாகத்தான் செய்தேன் சார். பெட்டிமேல் கவனமாகக் கையாளவும் என்று எழுதச் சொன்னது நான் இல்லை.”

அவர் முகம் பீரங்கியின் பச்சைக்கு நேர்மாறான நிறத்துக்குப் போனது. பேனாவை மூடினார்.

“எனக்கு எந்தப் பீரங்கியையும் தெரியாது. எந்தப் பெட்டியையும் தெரியாது.”

அவர் தலைக்குப் பின்னால் சுவரில், பீரங்கிமேல் கால் வைத்து நிற்கும் அவருடைய போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார். ஒரு பெரிய மனிதர் தன் போட்டோவைப் பார்த்து யார் இது என்பதுபோல் விழிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

கையெழுத்துப் போடாத காகிதத்தைச் சாலிமிடம் கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். “கலாஸ்” என்றார், முடிந்தது என்று. அன்றைய கப்பல் அந்தப் பெட்டி இல்லாமல் போனது.

சனிக்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. ‘ஆவணங்கள் தயாரிப்பதில் தொடர்ந்து கவனக்குறைவு’ காரணமாக வேலையிலிருந்து நீக்கம். விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். ஞானமுத்து கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

“கவனமா எழுதுனதுக்கா கவனக்குறைவுன்னு எழுதியிருக்கான்?”

“ஆமா.”

“எழுதுனது யாரு, புது கிளார்க்கா? அவனாச்சும் இருக்கட்டும், பாவம்.”

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் நல்லது என்று கம்பெனி நினைத்திருக்க வேண்டும். நான் வேறு இடத்தில் வேலைக்குச் சேர ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதமும் கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு ரூவியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பதினோராம் நாள், இறக்குமதி வியாபாரம் செய்யும் ஒரு குஜராத்தி சேட் என்னை உட்காரச் சொன்னார்.

“சுங்கத்தில் உண்மையைச் சொல்லி வேலையை இழந்த மதராஸி பாய் நீதானா?”

“ஆமாம் சேட்.”

“சுத்த முட்டாள்தனம்.” தலையை ஆட்டிக்கொண்டார். “ஆனால் எனக்கு அப்படி ஒரு முட்டாள் வேண்டும். இனி நீ கொண்டுபோகிற பெட்டியை அங்கே யாரும் திறக்க மாட்டார்கள். என் சரக்கு வெயிலில் காயாது.”

இதைவிட நேரான பாராட்டு எனக்கு அதன் பிறகும் கிடைக்கவில்லை. புது வேலை, புதுக் கணக்கு. விடுப்புக்கு மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும் என்றார். காத்திருந்தேன். மகளை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. மணப்பாட்டு வீட்டில் என்னைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, “அந்த மாமா எப்பம்மா போவாங்க?” என்று கேட்டாள். நேர்மையைப் பற்றி நான் எந்த மேடையிலும் பேசாமல் இருப்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம். நேர்மை இலவசம் என்று உங்களிடம் சொல்கிறவர்கள் அதை வாங்கிப் பார்க்காதவர்கள்.

அது பிற்பாடு. நான் சேட்டிடம் சேர்ந்து இரண்டு மாதம் ஆனபோது சாலிம் போன் செய்தார்.

“நாளை காலை துறைமுகத்துக்கு வா. உன் பழைய இரும்பைப் பார்க்கலாம்.”

போனேன். சுங்க அலுவலக வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிய சிமென்ட் மேடை ஒன்று. வரிசையாக நாற்காலிகள். நடுவில் ஹார்ட்லி, புதுக் கோட்டில். கம்பெனி ஒரு கடிதம் எழுதியிருந்ததாம்: ‘கடலடியில் எங்கள் திரு. ஹார்ட்லி கண்டுபிடித்த அரிய பீரங்கியை நாட்டுக்கு அன்பளிப்பாக அளிப்பதில் பெருமைப்படுகிறோம்.’ எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. சாலிமைப் பார்த்தேன்.

“கம்பெனியோடு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது” என்றார் மெதுவாக. “மேலே உள்ளவர்கள் யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. பீரங்கி இங்கேயே இருக்கிறது. அதற்குமேல் என்னால் முடியவில்லை லாசர்.”

மேடைக்கு மேலே பீரங்கி கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. இயக்கியவன் ஞானமுத்து. பேச்சு முடிந்ததும் இறக்க வேண்டும் என்பது அவனுக்குக் கொடுத்த உத்தரவு. ஹார்ட்லி பேசினார். வரைபடம் இல்லாத கடல், துணிச்சல், கண்டுபிடிப்பு, நாடுகளுக்கிடையே வியாபாரம் வளர்த்த நட்பு. இந்தமுறை நட்பு புதிதாகச் சேர்ந்திருந்தது. வெயில் ஏறியது. நான் மெதுவாகக் கிரேன் பக்கம் போய் நின்றேன்.

“கை வலிக்குதா?” என்று கேட்டேன்.

“கை என்னத்துக்கு வலிக்கும், எல்லாம் மெஷினு. காதுதான் வலிக்கி மக்கா.”

பேச்சு முடிந்தது. கை தட்டினார்கள். போட்டோக்காரர் தயாரானார். ஞானமுத்து அந்தப் பீரங்கியை ஒரு குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் இறக்கினான். பாதி வந்ததும் நிறுத்தினான். கயிறு பிடித்திருந்த ஆட்களிடம் கையைக் காட்டினான். பீரங்கி மெல்ல அரைவட்டம் சுற்றியது. அப்புறம் மேடையில் உட்கார்ந்தது.

கடலைப் பார்த்து இருக்க வேண்டிய அதன் வாய், நேராக நடு நாற்காலியைப் பார்த்தது.

ஹார்ட்லியின் ஆள் ஓடிவந்தான். “எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாய்? யார் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல சார்” என்றான் ஞானமுத்து, தனக்குத் தெரிந்த இந்தியில். “எந்தப் பக்கம்னு காகிதத்துல போடல.”

அந்த ஆள் சாலிமிடம் போனான். சாலிம் மேடையைச் சுற்றி ஒருமுறை நிதானமாக நடந்தார். குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தார். அது குறி வைத்திருந்த திசையையும் பார்த்தார்.

“நன்றாக உட்கார்ந்திருக்கிறது” என்றார். “இருக்கட்டும்.”

முந்நூறு வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்த பீரங்கி. உள்ளே மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, சிப்பி மட்டும்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஹார்ட்லி கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கி இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.